ரயிலில் பாடிய பிள்ளை



நம்ம கூட்டமைப்பு மலருக்கு நிறைய பேர் தொழில் பத்தி எழுதுறாங்கன்னு கேள்விப்பட்டேன். கருவாடு, இறால் ஊறுகாய், தையல், ஆடு வளர்ப்பு எல்லாம் நல்ல விஷயம்தான். நான் ஒரு பாட்டுக்கார அம்மாவோட கதையை எழுதுறேன். மலரில் பாட்டுக்காரிக்கு என்ன வேலைன்னு கேட்காதீங்க. முழுசும் படிச்சிட்டு அப்புறம் சொல்லுங்க.

அவங்க பேரு கே.பி.சுந்தராம்பாள். பேரு சொன்னா சின்னப் பிள்ளைங்களுக்குத் தெரியாது. ஆனா அவங்க குரலைக் கேட்காத ஆள் நம்ம குப்பத்துப் பக்கம் யாரும் இருக்க முடியாது. ஆடி மாசம் அம்மன் கோயிலில் கூழ் ஊத்துற அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே ரேடியோ செட் போடுவாங்க இல்ல, அதில் கணீர்னு ஒரு பொம்பளைக் குரல் முருகனைப் பாடும். கடலுக்குப் போன படகு வரைக்கும் அந்தக் குரல் கேட்கும். திருவிளையாடல் படத்தில், பழம் கிடைக்கலன்னு கோவிச்சுக்கிட்டு மலையேறிப் போன முருகனைச் சமாதானம் பண்ண ஒரு பாட்டி வருவாங்களே, வெள்ளைச் சேலை, நெத்தி நிறைய விபூதி, கையில் கோல். அந்த ஔவைப் பாட்டிதான் சுந்தராம்பாள்.

நான் சின்ன வயசில் அவங்க பிறக்கும்போதே பாட்டியாப் பிறந்தாங்கன்னு நினைச்சிருந்தேன். அப்படித்தான் நம்ம மனசில் பதிஞ்சிருக்கு. ஆனா நான் சொல்லப் போறது அந்தப் பாட்டியைப் பத்தி இல்ல. ஏழெட்டு வயசுப் பெண் பிள்ளை ஒண்ணைப் பத்தி.

சுந்தராம்பாள் 1908-ம் வருஷம் அக்டோபர் மாசம் கொடுமுடியில் பிறந்தாங்க. கொடுமுடி இப்போ ஈரோடு மாவட்டத்தில் இருக்கு. காவிரிக் கரை ஊர். மகுடேசுவரர் கோயில் அங்கே பேர் போனது. அவங்க பேருக்கு முன்னாடி இருக்கிற கே, பி ரெண்டு எழுத்தைக் கவனிங்க. கே என்பது கொடுமுடி. பி என்பது பாலாம்பாள், அவங்க அம்மா பேரு. நம்ம குழு பாஸ்புக்கில், ஆதார் கார்டில், ரேஷன் கார்டில் எங்கே பார்த்தாலும் நமக்கு அப்பா பேரு, இல்லைன்னா வீட்டுக்காரர் பேரு. நூறு வருஷத்துக்கு முன்னாடியே அம்மா பேரை இனிஷியலா வச்சுக்கிட்டு ஒரு பொம்பளை நாடு முழுக்கப் பேர் வாங்கியிருக்காங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு எனக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

அந்தப் பேருக்குப் பின்னாடி வறுமைதான் இருந்தது. சின்ன வயசிலேயே அப்பா துணை இல்லாமப் போச்சு. பாலாம்பாள் அம்மா ஒத்த ஆளா மூணு பிள்ளைகளைக் காப்பாத்தணும். அந்தக் காலத்தில் விதவைப் பணம் கிடையாது, நூறு நாள் வேலை கிடையாது, ரேஷன் அரிசி கிடையாது, குழுவும் கிடையாது. அவசரத்துக்கு ஆயிரம் ரூபாய் சங்கத்தில் எடுத்து அடுத்த மாசம் கட்டலாம்னு நினைக்கவே வழி இல்லாத காலம். அந்த வீட்டில் இருந்த ஒரே சொத்து சின்னப் பெண்ணோட தொண்டைதான்.

அந்தப் பிள்ளை ரயிலில் பாடிச்சு.

ஈரோட்டில் இருந்து கரூர் வழியா திருச்சி போற ரயில் பாதை கொடுமுடி வழியாத்தான் போகுது. ரயில் வண்டியில் ஏறி, பிரயாணம் பண்றவங்க முன்னாடி நின்னு பாட்டுப் பாடி, அவங்க கொடுக்கிற காசை வாங்கிட்டு வந்து அம்மா கையில் கொடுக்கும். நம்ம பொம்பளைங்க மீன் கூடையோட பொன்னேரியில் ரயில் ஏறும்போது பார்த்திருப்பீங்க. கண்ணு தெரியாத ஒருத்தர் பாடிக்கிட்டே வருவார், பின்னாடி ஒரு பிள்ளை தட்டை நீட்டிக்கிட்டு வரும். நாம என்ன பண்றோம்? பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறோம். பாதிப் பேர் கூடையை நகர்த்தி வழி விடுறோம். யாரோ ஒருத்தர் ரெண்டு பேர் காசு போடுவாங்க. பாட்டு நல்லா இருந்துச்சுன்னு சொல்றவங்க நூத்துல ஒருத்தர். அந்தப் பிள்ளைக்குக் கிடைச்ச முதல் சபை அதுதான். டிக்கெட் வாங்கிப் பாட்டு கேட்க வந்தவங்க இல்ல. எப்போ இந்தப் பிள்ளை அடுத்த பெட்டிக்குப் போகும்னு பார்க்கிறவங்க.

இதை யோசிச்சுப் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்வி வருது. அந்தப் பிள்ளைக்கு இருந்தது தைரியமா, பசியா? அவங்களைப் பத்திப் பேசுறவங்க எல்லாரும் எவ்வளவு தைரியம் பாருன்னு மேடையில் சொல்றாங்க. எனக்கு அப்படிச் சட்டுன்னு சொல்ல மனசு வரல. ஏழெட்டு வயசுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கணும். நம்ம ஏரிப் பக்கமும் ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைங்க இடுப்பளவு தண்ணியில் உட்கார்ந்து கையால இறால் தடவி எடுத்து, பல்லில் பையைக் கடிச்சுக்கிட்டு வருவாங்க. அதை யாரும் தைரியம்னு சொல்லல. அது வயித்துப்பாடு. சுந்தராம்பாள் ரயிலில் ஏறினதும் வயித்துப்பாடுதான். ஆனா ஒண்ணு. பசி எல்லாரையும் ரயிலில் ஏத்திவிடும். ஏறின பிறகு வாயைத் திறந்து, தெரியாத நாப்பது பேர் முகத்தைப் பார்த்து, முதல் வரியை எடுக்கிறது இருக்கே, அது அந்தப் பிள்ளையே செஞ்சது. அதை வேற யாரும் செய்ய முடியாது.

அப்படி ரயிலில் பாடும்போது ஒருத்தர் காதில் அந்தக் குரல் விழுந்துச்சு. அவர் எப்.ஜி.நடேச ஐயர். ரயில்வேயில் பெரிய அதிகாரி, திருச்சிக்காரர், நாடகத்தில் பெரிய ஆர்வம் உள்ளவர். அவர்தான் இந்தப் பிள்ளையை நாடகத்துக்குக் கொண்டு போனார்னு சொல்லுவாங்க. இல்ல, கிருஷ்ணசாமி ஐயர்னு ஒரு போலீஸ் அதிகாரிதான் கேட்டுட்டுச் சொன்னார்னு இன்னொரு விதமாவும் சொல்லுவாங்க. யாரா இருந்தாலும், திரும்பிப் பார்த்த ஒரு ஆள் இருந்தார். வேலு நாயர்னு ஒருத்தர் நடத்தின நாடகக் கம்பெனியில் பிள்ளை சேர்ந்துச்சு.

அப்போ நாடகம்னா என்னன்னு இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தெரியாது. சினிமா பேச ஆரம்பிக்காத காலம். ராத்திரி சாப்பிட்டு முடிச்சு உட்கார்ந்தா விடியவிடிய நடக்கும். வசனத்தை விடப் பாட்டுதான் அதிகம். பாடத் தெரியாதவங்களுக்கு அங்கே இடமே இல்ல. பெண் வேஷத்தைக் கூட நிறைய இடத்தில் ஆம்பளைப் பிள்ளைங்கதான் கட்டுவாங்க. பெண் பிள்ளையை மேடை ஏத்தினா ஊர் ஒரு மாதிரி பேசும். பாலாம்பாள் அம்மா காதிலேயும் அந்தப் பேச்சு விழாம இருந்திருக்காது. நம்ம ஊரில் இன்னைக்கும் பத்தாவது படிக்கிற பெண் ஆண்டு விழாவில் பாட்டுப் பாடினா, வயசுக்கு வந்த பொண்ணுக்கு இது எதுக்குன்னு கேட்கிற வாய் இருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னாடி எப்படிக் கேட்டிருப்பாங்க!

அந்தக் கம்பெனியில் பிள்ளைக்குக் கொடுத்த முதல் வேஷம் நல்லதங்காள் நாடகத்தில். நல்லதங்காள் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். என் பாட்டி சொல்லிச் சொல்லி அழுவாங்க. பஞ்சத்தில் வாழ வழியில்லாம ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீடு தேடி வருவா. அண்ணன் வீட்டில் இருக்க மாட்டான். அண்ணி மூளி அலங்காரி சோறு போட மாட்டா. கடைசியில் பிள்ளைகளை ஒண்ணொண்ணாக் கிணத்தில் போட்டுட்டுத் தானும் விழுவா. அந்த ஏழு பிள்ளைங்களில் ஒரு பிள்ளை, அம்மாகிட்ட பசி தாங்கலன்னு அழுது பாடுற வேஷம்தான் சுந்தராம்பாளுக்குக் கிடைச்சது.

யோசிச்சுப் பாருங்க. அதுக்கு நடிப்பு யார் சொல்லிக் கொடுக்கணும்? பசிக்குதுன்னு ரயில் ரயிலாப் பாடின பிள்ளை. புதுசா மேடை. எதிரில் இருட்டில் நூத்துக்கணக்கான தலை. வெளிச்சம் எல்லாம் நம்ம மேல. கால் நடுங்கத்தான் செய்யும். ஆனா பாட வேண்டியது தன் வீட்டுக் கதை. அந்தப் பாட்டைக் கேட்டு ஜனங்க அழுதாங்களாம். அந்த ஒரு பாட்டிலேயே பிள்ளை பேர் வாங்கிருச்சு. ரயிலில் முகத்தைத் திருப்பிக்கிட்ட ஜனங்கதான் நாடகக் கொட்டகையில் காசு கொடுத்து உட்கார்ந்து அதே பசியைக் கேட்டு அழுதிருக்காங்க. இது எனக்கு வேடிக்கையாவும் இருக்கு, வருத்தமாவும் இருக்கு.

புதுசா மேடை ஏறுற பிள்ளைக்கு என்ன கொடுக்கணும்னு அந்தக் கம்பெனிக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்குன்னு நினைக்கிறேன். எடுத்த உடனே வள்ளி வேஷம், சந்திரமதி வேஷம்னு கொடுக்கல. சின்ன வேஷம், ஒரு பாட்டு. தெரிஞ்ச விஷயம். நம்ம பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் நாம என்ன பண்றோம்? டிவியில் பாடுற பிள்ளை மாதிரி பாடுன்னு வாயில் நுழையாத சினிமாப் பாட்டை மனப்பாடம் பண்ண வைக்கிறோம். மைக் முன்னாடி ரெண்டாவது வரி மறந்து அழுதுட்டு இறங்குது. அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை எந்த மேடையும் ஏறாது. எங்க தெருவில் ஒரு பெண் பிள்ளை இருக்கு. வலையைப் பிரிக்கும்போது அவ பாட்டி பாடுற பாட்டை எல்லாம் அப்படியே பாடும். பள்ளிக்கூடத்தில் பாடுன்னு சொன்னா வாயே திறக்காது. அந்தப் பாட்டையே மேடையில் பாடச் சொல்லலாமேன்னு யாருக்கும் தோணல.

இந்த இடத்தில் இன்னொருத்தங்களையும் சொல்லிடுறேன். எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மா. மதுரையில் பிறந்தவங்க, அவங்களும் சின்னப் பிள்ளையில் அம்மாவோட வளர்ந்தவங்க. அம்மா சண்முகவடிவு பெரிய வீணைக் கலைஞர். பத்து வயசு வாக்கில் வீட்டு வாசலில் மண்ணில் விளையாடிக்கிட்டு இருந்த பிள்ளையை யாரோ வந்து தூக்கிட்டுப் போய், கையைக் கழுவி, பாவாடையை மாத்தி, மதுரை சேதுபதி பள்ளிக்கூடத்தில் அம்மா கச்சேரி பண்ற மேடைக்குக் கொண்டு போனாங்களாம். அம்மா பாடச் சொன்னாங்க, பிள்ளை பாடிட்டு வந்துருச்சு. பயப்படவே நேரம் இல்ல. மனசெல்லாம் மண்ணு விளையாட்டில்தான் இருந்துச்சாம். அந்தப் பிள்ளை பக்கத்தில் அம்மா வீணையோட உட்கார்ந்து இருந்தாங்க. சுந்தராம்பாளுக்கு அந்தத் துணையும் இல்ல. ரெண்டு பேரையும் ஒப்பிட்டு யார் பெரியவங்கன்னு நான் சொல்ல வரல. முதல் தடவை பயம் போறதுக்கு ஒருத்தருக்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

கம்பெனியில் சேர்ந்த பிறகு சுந்தராம்பாளுக்கு அதுதான் பள்ளிக்கூடம். வாத்தியார் ஆர்மோனியத்தை வச்சுக்கிட்டுச் சொல்லிக் கொடுப்பார். காதால கேட்டு மனப்பாடம் பண்ணணும். வயசு ஏற ஏறப் பெரிய வேஷம் வந்துச்சு. பெண் வேஷம் மட்டும் இல்ல, ஆம்பளை வேஷமும் கட்டினாங்க. மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்கணும். இதெல்லாம் பாட்டுக் கத்துக்கிட்டவங்களுக்கே கஷ்டம். ஆனா நம்ம பொம்பளைங்களுக்கு இது புரியும். கரையில் நின்னு ஏரிக்குள்ள இருக்கிற படகைக் கூப்பிடுற குரல் நமக்கும் இருக்கு. ஏல இடத்தில் அத்தனை சத்தத்துக்கு நடுவில் விலை கேட்கிற குரல் இருக்கு. மாசக் கூட்டத்தில் எழுந்து நின்னு பேரு சொல்லச் சொன்னா மட்டும் அந்தக் குரல் எங்கே போகுதுன்னு தெரியல. குழு ஆரம்பிச்ச புதுசில் பாதிப் பேர் முந்தானையை வாயில் வச்சுக்கிட்டுத்தான் பேரு சொன்னோம், ஞாபகம் இருக்கா?

கதைக்கு வரேன். சுந்தராம்பாள் நாடகக் கம்பெனியோட இலங்கைக்குப் போனாங்க. அப்போ தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கே இருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு. 1964 புயலில் தனுஷ்கோடி அழிஞ்சு போறதுக்கு முன்னாடி அதுதான் வழி. கடல் தாண்டிப் போன அந்தப் பெண்ணுக்குக் கொழும்பில் பெரிய பேர். தமிழ் ஜனங்க கொட்டகை கொட்டகையா வந்து கேட்டாங்க. கொடுமுடிக் கோகிலம்னு பட்டம் சொல்லிக் கூப்பிட்டாங்க.

1926-ம் வருஷம் எஸ்.ஜி.கிட்டப்பா கொழும்புக்கு வந்தார். செங்கோட்டைக்காரர், 1906-ல் பிறந்தவர், அவரும் அஞ்சாறு வயசிலேயே மேடை ஏறினவர்தான். தமிழ்நாட்டில் அவர் பாட்டுக்கு அப்போ ஈடு கிடையாது. அவரோட சேர்ந்து சுந்தராம்பாள் நடிக்கணும்னு ஏற்பாடு. ஆனா கூட இருந்தவங்க பயமுறுத்தினாங்களாம். அவர் பாட்டுக்கு முன்னாடி நீ நிற்க முடியாது, வாங்கின பேரும் போயிடும்னு. இந்த இடம் எனக்கு முக்கியமாப் படுது. ஏன்னா மேடை பயம் சின்னப் பிள்ளையோட போறது இல்ல. பேர் வாங்கின பிறகு அது வேற ரூபத்தில் வரும். முதல் தடவை ஏறும்போது இழக்க ஒண்ணும் இல்ல. பத்து வருஷம் கழிச்சு ஏறும்போது இழக்க நிறைய இருக்கு. அப்பவும் அந்தப் பொண்ணு போய் நின்னுச்சு. ரெண்டு பேரும் வள்ளி திருமணத்தில் பாடினாங்க. ஒருத்தரை ஒருத்தர் மிஞ்சிப் பாட, ஜனங்க பைத்தியமா ஆயிட்டாங்க. அதுக்கப்புறம் பல வருஷம் தமிழ்நாட்டில் கிட்டப்பா சுந்தராம்பாள் நாடகம்னா கொட்டகை வழியும்.

ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. அந்த வாழ்க்கையைப் பத்தி நான் அதிகம் எழுத விரும்பல. சந்தோஷம் கொஞ்ச நாள்தான். பிறந்த குழந்தை நிலைக்கல. நடுவில் மனஸ்தாபம், பிரிவு. அவங்க கிட்டப்பாவுக்கு எழுதின கடிதங்கள் பின்னாடி வெளியில் வந்திருக்கு. ஒரு பொம்பளை எவ்வளவு காத்திருந்து ஏமாந்திருக்காங்கன்னு அதில் தெரியும். கிட்டப்பா உடம்பு கெட்டு 1933 டிசம்பர் 2-ம் தேதி இறந்துட்டார். அவருக்கு 27 வயசு. சுந்தராம்பாளுக்கு 25.

அன்னையில் இருந்து வெள்ளைச் சேலை. நகை இல்ல. பால் கூடக் குடிக்க மாட்டேன்னு விரதம். இனிமே எந்த ஆம்பளைக்கும் ஜோடியா நடிக்க மாட்டேன்னு சபதம். மேடையை விட்டுட்டுக் கொடுமுடியில் போய் உட்கார்ந்துட்டாங்க.

நம்ம குழுக்களிலேயே கடலுக்குப் போன வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவங்க இருக்காங்க. அவங்க இதைப் படிக்கும்போது என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டேதான் எழுதுறேன். 25 வயசில் இப்படி எல்லாத்தையும் விட்டது எனக்குச் சம்மதம் இல்ல. புருஷன் போனா பூவும் பொட்டும் நல்ல காரியமும் போகணும்னு நம்மகிட்ட எதிர்பார்க்கிற ஊர், அவங்க விரதத்தைக் காட்டி, பார் எப்பேர்ப்பட்ட பொம்பளைன்னு சொல்லும். அந்த மெச்சுதலில் எனக்கு விருப்பம் இல்ல. ஆனா அவங்க வீட்டுக்குள்ளயே இருந்துடல. அதைத்தான் நாம பார்க்கணும். வெள்ளைச் சேலையோடவே திரும்ப வெளியில் வந்தாங்க.

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அவங்களைச் சுதந்திரப் போராட்ட மேடையில் பாடக் கூப்பிட்டார். பெரிய பேச்சாளர் வர்றதுக்கு முன்னாடி சுந்தராம்பாள் பாடினா ஆயிரக்கணக்கில் ஜனம் கூடிடும். கதர் கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போய்ப் பாடினாங்க. காந்தி கொடுமுடிக்கு அவங்க வீட்டுக்கே வந்தார். தங்கத் தட்டில் சாப்பாடு வச்சாங்களாம். சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதான்னு அவர் சிரிச்சுக்கிட்டே கேட்க, தட்டையும் கொடுத்துட்டாங்களாம். அதை அவர் ஏலம் விட்டுப் போராட்ட நிதியில் சேர்த்தார்னு சொல்லுவாங்க. ரயிலில் தட்டு நீட்டின பிள்ளை தங்கத் தட்டைத் தூக்கிக் கொடுத்திருக்கு. இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அதுக்கு நடுவில் சினிமாவும் வந்துச்சு. 1935-ல் பக்த நந்தனார்னு படம். ஹாசன்தாஸ்னு ஒரு முதலாளி விடாம வந்து கேட்டார். அவங்களுக்கு நடிக்க மனசு இல்ல. இந்தத் தொகையைக் கேட்டா ஓடிப் போயிடுவார்னு ஒரு லட்ச ரூபாய் கேட்டாங்களாம். அவர் ஓடல, கொடுத்துட்டார்! ஒரு சவரன் தங்கம் முப்பது ரூபாய்க்குள்ள வித்த காலம் அது. இன்னைக்குக் கணக்குக்கு நீங்களே பெருக்கிப் பாருங்க, எனக்குத் தலை சுத்துது. நாட்டிலேயே ஒரு லட்சம் சம்பளம் வாங்கின முதல் சினிமாக் கலைஞர் அவங்கதான்னு சொல்லுவாங்க. ஆம்பளைக்கு ஜோடியா நடிக்க மாட்டேன்னு சபதம் இருக்கு இல்ல, அதனால நந்தனார் வேஷத்தையே அவங்க கட்டினாங்க. கோயிலுக்குள்ள போகக் கூடாதுன்னு தடுக்கப்பட்ட ஒரு ஏழைக் கூலிக்காரன் வேஷம். வேதியரா வந்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர், பெரிய சங்கீத வித்வான். படம் சரியாப் போகல. படத்தில் நல்லா நடிச்சது பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான்னு கல்கி பத்திரிகையில் கேலி பண்ணி எழுதினார். லட்ச ரூபாய் வாங்கினவங்களுக்கும் கேலி உண்டு. 1940-ல் மணிமேகலை. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் சினிமா இல்ல.

1951-ல் சென்னை மாகாண சட்ட மேலவைக்கு உறுப்பினர் ஆனாங்க. சினிமா நாடகத்தில் இருந்து நம்ம நாட்டில் சட்டசபைக்குப் போன முதல் ஆள்னு அவங்களைச் சொல்றாங்க. இப்போ நடிகருங்க எத்தனையோ பேர் போயிட்டாங்க. முதல்ல போய் உட்கார்ந்தது ஒரு பொம்பளை, அதுவும் நாடகக்காரின்னு ஊர் ஒதுக்கி வச்சுப் பேசின பொம்பளை.

1953-ல் ஜெமினி வாசன் எடுத்த ஔவையார் படம் வந்துச்சு. கொத்தமங்கலம் சுப்பு டைரக்டர். அப்போ அவங்களுக்கு 45 வயசு வாக்கில் இருக்கும். இன்னைக்கு எத்தனை படத்தில் ஒரு கிழவி வேஷத்தைக் கதாநாயகியா வச்சு எடுப்பாங்க? ஜோடி இல்ல, டூயட் இல்ல, ஊர் ஊரா நடந்து பாடுற பாட்டிதான் படமே. தமிழ்நாடே வண்டி கட்டிக்கிட்டுப் போய்ப் பார்த்துச்சு. அதுக்கப்புறம் ஔவைன்னா சுந்தராம்பாள் முகம்தான். நம்ம பிள்ளைங்க பாடப் புத்தகத்தில் படம் பார்க்கும்போது கூட மனசில் வர்றது அந்த முகம். 1964-ல் பூம்புகார் படத்தில் கவுந்தி அடிகளா வந்தாங்க, 1965-ல் திருவிளையாடல், அப்புறம் கந்தன் கருணை, துணைவன், காரைக்கால் அம்மையார். 1966-ல் தமிழ் இசைச் சங்கம் இசைப் பேரறிஞர் பட்டம் கொடுத்துச்சு. 1969-ல் துணைவன் படத்தில் பாடினதுக்குச் சிறந்த பாடகின்னு தேசிய விருது. அப்போ வயசு 61. மத்த பாடகிங்க எல்லாம் இருபது முப்பது வயசில் பாடிக்கிட்டு இருக்கும்போது இந்தப் பாட்டி போய் வாங்கிட்டு வந்தாங்க. 1970-ல் பத்மஸ்ரீ.

சம்பாதிச்சதை வச்சுக் கொடுமுடியில் தன் பேரில் ஒரு சினிமாக் கொட்டகை கட்டினாங்க. சொந்த ஊரில், எந்த ஊரில் இருந்து பசியோட ரயில் ஏறினாங்களோ அதே ஊரில். 1980 செப்டம்பர் மாசம் சென்னையில் இறந்தாங்க.

ஔவையார் படம் இப்போ போனிலேயே முழுசாக் கிடைக்குது. லீவு நாளில் பிள்ளைங்களைப் பக்கத்தில் உட்கார வச்சுப் பாருங்க. கறுப்பு வெள்ளைப் படம்னு முதல்ல எழுந்து ஓடும். பாட்டு வரும் வரைக்கும் பிடிச்சு வையுங்க. கேட்டு முடிச்ச பிறகு, இந்தப் பாட்டி உன் வயசில் ரயிலில் பாடினவங்கன்னு சொல்லுங்க. எங்க வீட்டில் சொன்னப்போ, ரயிலில் யாரும் கேட்கலன்னா என்ன பண்ணுவாங்கன்னு என் மகள் கேட்டா. அடுத்த பெட்டிக்குப் போயிருப்பாங்கன்னு சொன்னேன்.